மலையடிவாரத்து மருந்து: ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரங்களின் மூலிகை வழக்கு

விருதுநகர் மாவட்டத்தின் மேற்கு எல்லையாக நிற்கும் மலைத்தொடரின் அடியில், வடக்கே வத்திராயிருப்பு தொடங்கி ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வழியாகத் தெற்கே சேத்தூர் வரை நீளும் ஊர்களில், காய்ச்சல், இருமல், மஞ்சள் காமாலை, மூட்டுவலி, வெட்டுக்காயம், குழந்தையின் வயிற்றுப் பொருமல் ஆகியவற்றுக்கு வேலியிலும் வரப்பிலும் மலையிலும் தானாக முளைக்கும் செடிகளைக் கொண்டு செய்யப்பட்டுவரும் மருத்துவமே இவ்வுரையின் பொருள். இதனை நாட்டு மருத்துவம் என்று குறிப்பிடும்போது, ஏட்டுச் சுவடிகளில் எழுதப்பட்டு, 1964-இல் பாளையங்கோட்டையில் தொடங்கப்பட்ட அரசு சித்த மருத்துவக் கல்லூரி போன்ற நிறுவனங்களில் பாடமாகக் கற்பிக்கப்படும் சித்த மருத்துவத்திலிருந்து அது பிரித்துக் காட்டப்படுகிறது. இரண்டும் ஒன்றிடமிருந்து ஒன்று ஓயாமல் கடன் வாங்கிக்கொண்டே வந்திருக்கின்றன. ஆயினும் முன்னதற்கு நூல் இல்லை, பட்டம் இல்லை, பெரும்பாலும் கட்டணமும் இல்லை. அந்த மருத்துவத்தில் செடியின் பெயர் என்பது அறிவின் மிகச் சிறிய பகுதி. எந்தப் பருவத்தில், எந்த உறுப்பை, எவ்வளவு எடுத்து, எதனோடு சேர்த்து, யாருக்கு, என்ன பத்தியத்தோடு கொடுப்பது என்னும் பக்குவமே அதன் உயிர். செடிப் பட்டியல்களாக மட்டும் அதனைத் தொகுத்துவரும் இன்றைய முறை, உயிரை விட்டுவிட்டு உடலை அளந்துகொண்டிருக்கிறது என்பதே இங்கு முன்வைக்கப்படும் கருத்து.

நிலத்தின் அமைப்பிலிருந்து தொடங்குவது பொருந்தும். கிழக்கே சாத்தூர், சிவகாசிப் பக்கம் விரியும் கரிசல் காட்டில் ஆவாரையும் நெருஞ்சியும் தும்பையும் ஆடுதின்னாப்பாளையும் மண்டிக் கிடக்கின்றன. மேற்கே வரவரக் கண்மாய்களும் அவற்றின் பாசன வயல்களும் வருகின்றன. ஈரம் கசியும் அந்த வரப்புகளில் கரிசலாங்கண்ணி, பொடுதலை, கீழாநெல்லி ஆகியவை முளைக்கின்றன. தோட்ட வேலிகளில் பிரண்டையும் தூதுவளையும் முடக்கறுத்தானும் வேலிப்பருத்தியும் பின்னிப் படர்கின்றன. மாந்தோப்பும் தென்னந்தோப்பும் முடியும் இடத்தில் நன்னாரியும் நிலவேம்பும் சிறுகுறிஞ்சானும் கிடைக்க, அதற்கு மேல் ஏறினால் கடுக்காய், தான்றி, காட்டு நெல்லி, வேங்கை, மாகாளிக்கிழங்கு என்று மலைப்பொருள்கள் தொடங்குகின்றன. தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையில் பெரும்பகுதியை மேலைச் சரிவிலேயே கொட்டித் தீர்த்துவிடுவதால், கீழைச் சரிவில் உள்ள இவ்வூர்களின் செடிகொடிகள் ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பியே தழைக்கின்றன. கார்த்திகையில் காலில் மிதிபடும் கீழாநெல்லி சித்திரையில் தேடினாலும் அகப்படாது. ஆகவே மழைக்காலத்தில் பிடுங்கி நிழலில் உலர்த்திப் பானையில் போட்டுவைக்கும் வழக்கம், காமாலை நோய் காலம் பார்த்து வருவதில்லை என்பதை அறிந்த வீடுகளில் இருந்துவந்தது.

மூலிகை என்றதும் பொதுமக்களின் நினைவு இவ்வட்டாரத்தில் வேறு இரண்டு மலைகளின் பக்கம் போகிறது. ஒன்று, ராஜபாளையம் நகரை ஒட்டித் தனியே நிற்கும் சஞ்சீவி மலை. அனுமன் பெயர்த்துக்கொண்டு போன மலையிலிருந்து சிதறி விழுந்த துண்டு அது என்பது ஊர் வழக்கு. மற்றொன்று, வத்திராயிருப்பை அடுத்த தாணிப்பாறை வழியாக ஏறிச் செல்லும் சதுரகிரி. சுந்தர மகாலிங்கம், சந்தன மகாலிங்கம் கோயில்களும், கோரக்கர், சட்டைமுனி முதலிய சித்தர்களின் பெயரால் வழங்கும் குகைகளும் அங்கே உள்ளன. இரவில் ஒளிவிடும் சோதிப்புல், நிழல் விழாத சாயாமரம், மூப்பை நீக்கும் கருநெல்லி என்று அம்மலையைப் பற்றி வழங்கும் கதைகளுக்குக் கணக்கில்லை. ஆடி அமாவாசைக்குத் திரளும் கூட்டத்தில் கணிசமானோர் சாமியோடு மூலிகைக் காற்றையும் நாடி வருகிறார்கள். இக்கதைகளை இகழ வேண்டிய தேவை இல்லை. ஆனால் அடிவாரத்து வீடுகளில் நோய் கண்டபோது உண்மையில் பயன்பட்டவை அரிய காயகற்பங்கள் அல்ல, கண்மாய்க் கரையில் யாரும் ஏறெடுத்துப் பார்க்காத களைச்செடிகளே என்பதை மறந்துவிடலாகாது.

இம்மருத்துவத்தின் முதல் நிலையம் வீட்டின் அடுக்களை. கைக்குழந்தைக்கு ஊட்டும் உரைமருந்தை அதற்குச் சான்றாகக் கொள்ளலாம். வசம்பு, கடுக்காய், மாசிக்காய், சாதிக்காய், சுக்கு ஆகியவற்றை வேகவைத்தோ சுட்டோ உலர்த்தி வைத்துக்கொண்டு, தலைக்குக் குளிப்பாட்டிய நாளில் உரைகல்லில் தாய்ப்பாலையோ வெந்நீரையோ இரண்டு சொட்டு விட்டு, ஒவ்வொன்றையும் இத்தனை சுற்று என்று எண்ணி உரைத்து, வழித்தெடுத்த விழுதைச் சங்கில் கரைத்துப் புகட்டுவார்கள். இங்கே அளவு என்பது எடையன்று, சுற்று. பிறந்த குழந்தைக்கு ஒரு சுற்று உரைக்கும் கடுக்காய், ஆறு மாதக் குழந்தைக்கு மூன்று சுற்றாகலாம். சளி இருந்தால் சுக்கு கூடும், கழிச்சல் இருந்தால் மாசிக்காய் கூடும். கல்லின் சொரசொரப்பு, கையின் அழுத்தம், காயின் முற்றல் ஆகிய மூன்றும் சேர்ந்து தீர்மானிக்கும் இந்த அளவை எந்தப் பட்டியலும் எழுதிக் காட்டியதில்லை. வசம்பைப் பொறுத்தவரை ஓர் எச்சரிக்கையும் சேர்த்தே சொல்லப்பட வேண்டும்: அதன் எண்ணெயில் உள்ள அசரோன் என்னும் வேதிப்பொருளைப் பற்றி மருந்தியலாளர்களுக்கு ஐயங்கள் உண்டு. பாட்டிமார் அதனைச் சுட்டுக் கரியாக்கியே பயன்படுத்தியதும், ஒரு கீற்றுக்கு மேல் உரைக்க விடாததும் கவனிக்கத்தக்கவை. கடையில் பொடியாக வாங்கிக் கரண்டியால் அள்ளிப் போடுகிறவருக்கு அந்தக் காவல் இல்லை.

வீட்டுக்கு வெளியே, எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுகிறவர்கள், காமாலைக்கு மருந்து கொடுக்கிறவர்கள், பிள்ளைப்பேறு பார்த்த மருத்துவச்சிகள் என்று ஒவ்வொரு நோய்க்கும் தனிக் குடும்பங்கள் ஊர்தோறும் இருந்தன. கொடுக்கும் மருந்துக்குக் காசு வாங்கினால் பலிக்காது என்பது அவர்களிற் பலருடைய நம்பிக்கை. வெற்றிலை பாக்கும் ஒரு தேங்காயும் போதும். மலைமாடுகளைக் காட்டில் கிடைபோட்டு மேய்த்தவர்களுக்கு மற்றொரு வகை அறிவு இருந்தது. மாடு எதைத் தின்றால் கழியும், எதைத் தின்றால் வயிறு உப்பும், எந்தத் தழையை அரைத்துக் கட்டினால் புண் ஆறும் என்பவற்றைப் பார்த்துப் பார்த்துச் சேர்த்த அறிவு அது. 2022-இல் சென்னை உயர் நீதிமன்றம் வனப்பகுதி மேய்ச்சல் குறித்துப் பிறப்பித்த உத்தரவு பின்னர் தளர்த்தப்பட்டபோதும், புலிகள் காப்பகங்களுக்கும் சரணாலயங்களுக்கும் தடை நீடித்தமையால், அந்த அறிவு புழங்கிய இடமே அவர்களுக்கு அடைபட்டது.

எல்லோரிலும் மலையை நெருங்கி அறிந்தவர்கள் பளியர். பழனி மலை, சிறுமலை, வருசநாடு ஆகிய பகுதிகளிலும் இம்மலைகளிலும் பரவி வாழும் இப்பழங்குடியினரின் குடியிருப்புகள் இவ்வட்டாரத்தில் ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த செண்பகத்தோப்பு, ராஜபாளையத்தை அடுத்த அய்யனார் கோவில், வத்திராயிருப்புப் பக்கம் தாணிப்பாறை, அத்திக்கோயில் ஆகிய இடங்களில் அமைந்துள்ளன. வள்ளிக்கிழங்கு வகைகளைத் தோண்டியும் தேன் எடுத்தும் வாழ்ந்த இவர்கள், குத்தகைதாரர்களுக்காகக் கடுக்காய், நெல்லி, நன்னாரி, மாகாளிக்கிழங்கு முதலியவற்றைச் சேகரித்துக் கொடுக்கும் கூலிகளாக நெடுங்காலம் இருந்திருக்கிறார்கள். எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய தொகுதிகளில் பளியர் பற்றிய குறிப்பு இடம்பெற்றது. ஆனால் அவர்களுடைய அறிவின் தன்மையைப் பற்றி ஆழமாகச் சிந்தித்தவர் அமெரிக்க மானிடவியலாளர் பீட்டர் கார்ட்னர். 1962 முதல் 1964 வரை பளியரிடையே களப்பணி செய்த அவர், 1966-இல் வெளியிட்ட கட்டுரையில், பளியரின் அறிவு பெரும்பாலும் தனிமனிதர் ஒவ்வொருவரும் தாமே பட்டுத் தெரிந்துகொண்டது, வாய்மொழியாகக் கற்பிக்கப்பட்டு, எல்லோருக்கும் பொதுவாக முறைப்படுத்தப்பட்டது அன்று என்று வாதிட்டார். ஒரே செடிக்கு இருவர் இரு பெயர் சொல்வார்கள். அதற்காக அவர்கள் வாதாடுவதில்லை. ஒருவரை ஒருவர் அதிகாரம் செய்யாத, ஒருவர் அறிவை மற்றவர் திருத்தப் புகாத சமத்துவ வாழ்க்கையின் மறுபக்கமாகவே கார்ட்னர் இதைக் கண்டார்.

இந்த முடிவை அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை. தாயும் பிள்ளையும் ஒன்றாகக் காட்டுக்குப் போய்வரும் வாழ்க்கையில், சொல்லாமலே கற்பிக்கப்படுவது நிறைய உண்டு. அயலவர் காதுக்கு எட்டாததால் அது இல்லை என்றாகிவிடாது. ஆயினும் மூலிகை தொகுக்கப் போகும் ஆய்வாளருக்குக் கார்ட்னரின் கருத்து ஒரு பெரிய எச்சரிக்கை. ஒரு முதியவர் சொன்னதைக் குறித்துக்கொண்டு அதற்கு மேல் பளியர் மருத்துவம் என்று தலைப்பிட்டுவிடும் கட்டுரைகள் பல வந்திருக்கின்றன. அது அந்த முதியவரின் மருத்துவம். அவருடைய தம்பியின் மருத்துவமாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

அனுபவம் வழியாகப் பெற்ற இத்தகைய அறிவைக் குறிக்கக் கார்ட்னர் கையாண்ட மெமரேட் என்னும் சொல், சொந்த அனுபவமாகச் சொல்லப்படும் செய்தியைக் கதைமரபிலிருந்து பிரித்துக் காட்ட ஸ்வீடன் நாட்டு நாட்டார் வழக்காற்றியலாளர் வான் சிடோ உருவாக்கியது. அதே வான் சிடோவிடம் ஊக்கம் பெற்ற சேமஸ் டிலார்கி என்பவரே 1935-இல் அமைக்கப்பட்ட அயர்லாந்து நாட்டார் வழக்காற்று ஆணையத்தின் இயக்குநராக இருந்தார். 1937 முதல் 1939 வரை அந்த ஆணையம் ஏறத்தாழ 5,000 தொடக்கப்பள்ளிகளின் குழந்தைகளைக் கொண்டு, வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிவரச் செய்த குறிப்பேடுகள் இலட்சக்கணக்கான பக்கங்களாக இன்றும் காக்கப்படுகின்றன. அவற்றில் நாட்டு வைத்தியம் ஒரு தனித் தலைப்பு. காஞ்சொறி பட்ட இடத்தில் டாக் என்னும் செடியின் இலையைத் தேய்ப்பது, வெட்டுக்காயத்தில் வாழைப்பூண்டு வகை ஒன்றின் இலையை மென்று வைப்பது, படர்தாமரைக்கு ஏழாவது மகனாகப் பிறந்தவரிடம் போவது, மருந்து தந்தவருக்குக் காசு கொடுக்காமல் இருப்பது என்று அவற்றில் காணும் செய்திகள், கருங்குளம் போன்ற ஒரு கண்மாய்க்கரை ஊரில் கேட்டவை என்று சொன்னாலும் நம்பும்படியாக உள்ளன. அங்கே எழுதியவை குழந்தைகளின் கைகள். எழுதப்பட்டது இன்னார் வீட்டில் இன்னார் சொன்னது என்ற அடையாளத்தோடு. ஆகவே ஒரே ஊரில் ஒரே நோய்க்கு நான்கு வீட்டில் நான்கு மருந்து இருந்ததும் அப்படியே பதிவானது. தமிழகத்தில் அத்தகைய ஒரு முயற்சி பள்ளிகளின் அளவில் நடந்ததில்லை. கரிசல் வட்டாரச் சொற்களைத் தனியொருவராக முன்னின்று தொகுத்து 1982-இல் அகராதியாக்கிய கி. ராஜநாராயணனின் உழைப்பை எண்ணும்போது, மருந்துக்கும் அப்படி ஒருவர் வாய்த்திருக்கக் கூடாதா என்று தோன்றுகிறது.

பக்குவம் என்று மேலே குறிக்கப்பட்டதைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். வெறுங்கை பட்டதும் அரிக்கும் பிரண்டையை எடுத்துக்கொண்டால், அதன் தண்டில் உள்ள கால்சியம் ஆக்சலேட் என்னும் உப்பின் ஊசி வடிவப் படிகங்களே அந்த அரிப்புக்குக் காரணம். முற்றிய கணுவை ஒதுக்கி, இளந்தண்டை ஒடித்து, நான்கு விளிம்பிலும் உள்ள நாரை உரித்து, கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு நறுக்கி, எண்ணெயில் நன்றாகச் சுருள வதக்கிப் புளியோடு அரைத்தால் துவையல். வத்தலாகப் போடுவதானால் மோரில் ஊறவைக்க வேண்டும். புளியும் மோரும் சுவைக்காக மட்டும் சேர்ந்தவை அல்ல. வதக்கல் போதாத துவையலைத் தின்றவர் நாவும் தொண்டையும் படும் பாட்டை ஒரு தடவை பட்டவர் மறக்கமாட்டார். பசியின்மைக்குப் பிரண்டை என்று மட்டும் எழுதிவைக்கும் ஏடு இந்தச் செய்முறை முழுவதையும் விழுங்கிவிடுகிறது.

அளவைகளும் அப்படியே. சுண்டைக்காய் அளவு, கொட்டைப்பாக்கு அளவு, நெல்லிக்காய் அளவு என்று விழுதுக்கும், திரிகடி, வெருகடி என்று பொடிக்கும் அளவுகள் உள்ளன. மூன்று விரல் நுனியால் அள்ளும் அளவு திரிகடி, ஐந்து விரலும் குவித்து அள்ளுவது வெருகடி. குடிநீர் எனப்படும் கஷாயத்தை நாலொன்றாகவும் எட்டொன்றாகவும் காய்ச்சுவது உண்டு. எட்டு ஆழாக்குத் தண்ணீர் விட்டு இரண்டு ஆழாக்காக வற்றவைப்பது முன்னது, ஓர் ஆழாக்காக வற்றவைப்பது பின்னது. ஒரே மூலிகை, ஒரே எடை. ஆனால் இரண்டுக்கும் காட்டம் வேறு. அள்ளுகிற கை நோயாளியின் கையாக இருக்க வேண்டும் என்று சிலர் வற்புறுத்துவது வேடிக்கையாகத் தோன்றலாம். குழந்தையின் வெருகடி சிறிது, பெரியவரின் வெருகடி பெரிது என்பதை எண்ணினால், உடலின் அளவுக்கு ஏற்ப மருந்தின் அளவைக் கூட்டிக் குறைக்கும் வழி அதில் இருப்பது விளங்கும்.

சிறுகுறிஞ்சான் இலையை மென்றால் சிறிது நேரம் நாக்கில் இனிப்பு உறைக்காது. அதிலுள்ள ஜிம்னிமிக் அமிலம் என்னும் பொருள் இனிப்பை உணரும் அணுக்களைத் தற்காலிகமாக அடைத்துவிடுகிறது. அந்நேரத்தில் வாயிலிட்டால் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவும் வெறும் மாவுபோல் இருக்கும். அவ்வூரில் செய்து பார்க்கத் துணிய வேண்டிய சோதனைதான். இனிப்பைக் கொல்லும் இலை இனிப்பு நீரையும் கொல்லும் என்று எண்ணி நீரிழிவுக்கு அதனைத் தந்துவந்தார்கள். இலைச்சாறு குருதியின் சர்க்கரையைக் குறைப்பதாக ஆய்வுகளும் சொல்லியுள்ளன. ஆனால் நாக்கில் நடப்பது வேறு, குருதியில் நடப்பது வேறு. ஒன்று மற்றொன்றுக்குச் சான்றாகாது. நாட்டு மருத்துவம் சரியான இடத்துக்குத் தவறான காரணத்தின் வழியாகவும் சென்று சேர்ந்திருக்கிறது என்பதை ஒப்புக்கொள்வதில் இழுக்கு ஏதும் இல்லை.

மரபு என்றால் மாறாதது என்னும் எண்ணத்தை உடைப்பதற்கு வெட்டுக்காயப் பூண்டு ஒன்றே போதும். கிணற்றடிப் பூண்டு, தாத்தாப்பூச் செடி என்றெல்லாம் வழங்கும் இச்செடியின் இலையைக் கசக்கி அரிவாள் வெட்டில் பிழிவது இவ்வட்டாரத்து வயல்களில் இன்றும் காணும் காட்சி. அதன் தாயகம் வெப்பமண்டல அமெரிக்கா. அது இந்நாட்டு மண்ணுக்கு வந்தது ஐரோப்பியர் கடல்வழி திறந்த பிறகே. எந்தச் சித்தரும் இதைப் பார்த்திருக்க வழியில்லை. வயலில் புதிதாக முளைத்த ஒரு களையை யாரோ காயத்தில் பிழிந்து பார்த்து, பலன் கண்டு, அடுத்தவருக்குச் சொல்லி, ஓரிரு நூற்றாண்டுகளில் அது தொன்றுதொட்ட மருந்தாகிவிட்டது. ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியின் தறிகளில் நெய்யப்படும் காயக் கட்டுத்துணி பல நாட்டு மருத்துவமனைகளுக்கு ஏற்றுமதியாகிறது. அத்தறிகளைச் சுற்றியுள்ள வயல்களில் வெட்டுப்பட்ட கைக்கு முதலில் வருவது இந்த அயல்நாட்டுச் செடியும் கிழிந்த வேட்டித் துணியும்தான். மடகாஸ்கரிலிருந்து வந்த நித்தியகல்யாணியும் இவ்வாறே வீட்டு மருந்தானது. சர்க்கரை நோய்க்கு அது உதவும் என்ற நாட்டு வழக்கை 1950-களில் ஆராயப் புகுந்தவர்கள், எதிர்பாராமல் இரத்தப் புற்றுநோய்க்கான மருந்துகளைக் கண்டார்கள்.

இனிக் கசப்பான செய்திகள். மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி என்பது தமிழ்நாடெங்கும் பரவிய நம்பிக்கை. சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர் தியாகராஜனும், கல்லீரல் அழற்சி பி நச்சுயிரியைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற பிளம்பர்க்கும் சேர்ந்து 1988-இல் லான்செட் இதழில் வெளியிட்ட ஆய்வில், கீழாநெல்லிப் பொடி உண்டவர்களில் 59 விழுக்காட்டினரின் குருதியில் அந்நச்சுயிரியின் அடையாளம் மறைந்ததாகவும், வெற்று மாத்திரை உண்டவர்களில் 4 விழுக்காட்டினருக்கே அவ்வாறு ஆனதாகவும் கூறப்பட்டது. உலகெங்கும் பரபரப்பு எழுந்தது. பிற நாடுகளில் நடந்த பிற்கால ஆய்வுகளில் அந்தப் பலன் கிட்டவில்லை. செடியின் இனம் வேறா, மண் வேறா, பறித்த பருவம் வேறா என்ற கேள்விகள் எழுந்து, முடிவின்றி நின்றன. இதனோடு மற்றொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்: அசுத்த நீரால் வரும் காமாலை பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானாகவே இறங்கிவிடும். உப்பையும் எண்ணெயையும் விலக்கி, மோர்ச்சோறு உண்டு, ஓய்வெடுத்துக் கிடந்த அந்த வாரங்களில் எது குணமாக்கியது என்று பிரித்தறிவது மருந்து கொடுத்தவருக்கும் எளிதன்று. இந்த மருந்துக்குக் கிடைத்த புகழில் ஒரு பங்கு உடலின் இயல்புக்கு உரியது.

ஆடுதின்னாப்பாளையின் கதை இன்னும் கடுமையானது. கரிசலில் மலிந்து கிடக்கும் இச்செடியும், மலையில் வளரும் அதன் உறவான ஈசுரமூலியும் குடற்புழு, விடக்கடி, தோல் நோய் ஆகியவற்றுக்குக் கொடுக்கப்பட்டவை. இவ்வினச் செடிகளில் உள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தைச் சிதைப்பது. பெல்ஜியத்தில் உடல் மெலிவதற்காக மூலிகைக் குளிகை உண்ட பெண்களின் சிறுநீரகங்கள் செயலிழந்த செய்தி 1993-இல் வெளியான பிறகே உலகம் விழித்தது. புற்றுநோய் ஆய்வுக்கான பன்னாட்டு முகமை இவ்வினச் செடிகள் சேர்ந்த மருந்துகளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று வகைப்படுத்தியுள்ளது. இதன் தீங்கு உண்ட அன்றோ அடுத்த வாரமோ தெரிவதன்று, ஆண்டுகள் கழித்துத் தெரிவது. பட்டறிந்து சேர்த்த அறிவுக்கு இங்கே ஓர் எல்லை இருக்கிறது. இலையைத் தின்று மறுநாள் வாந்தி எடுத்தால் அனுபவம் அதைப் பதிந்துகொள்ளும். பத்தாண்டு கழித்துச் சிறுநீரகம் கெட்டால் எந்தப் பாட்டியும் அதை அந்த இலையோடு முடிச்சுப்போட இயலாது.

பாம்புக்கடியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சிறியாநங்கை இலையைத் தின்னக் கொடுத்துக் கசக்கிறதா என்று கேட்பதும், கசந்தால் விடம் இறங்கிற்று என்பதும் பழைய சோதனை. கடிக்கிற பாம்புகளில் பல நஞ்சற்றவை. நஞ்சுள்ளவையும் சில நேரம் நஞ்சைச் செலுத்தாமல் கடிப்பதுண்டு. பிழைத்தவர்களின் பெயரால் இலை புகழ் பெற்றது, பிழைக்காதவர்கள் சாட்சி சொல்ல வரவில்லை. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சையும் முறிக்கும் மருந்து அரசு மருத்துவமனைகளில் உள்ளது. அதற்கான நஞ்சை எடுத்துத் தருவதில் 1978-இல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பெரும் பங்கு உண்டு. பழங்குடி அறிவு நவீன மருத்துவத்துக்குள் மரியாதையோடும் ஊதியத்தோடும் நுழைந்த அரிய சந்தர்ப்பம் அது. இலையைக் காட்டிலும் அந்தச் சங்கமே இவ்விடத்தில் எடுத்துக்காட்டத் தக்கது.

மலைக்குத் திரும்பலாம். சாம்பல் நிற அணிலுக்காக 1988-இல் இம்மலைகள் சரணாலயமாயின; 2021-இல் மேகமலையோடு சேர்த்து ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. இதற்கிடையே 1990-களில் வனத்துறையும் பெங்களூருவிலுள்ள எஃப்.ஆர்.எல்.எச்.டி. என்னும் அறக்கட்டளையும் தமிழகத்தில் மூலிகைகள் இயல்பாக வளரும் இடங்களைத் தேர்ந்து காப்புப் பகுதிகளாக்கியபோது, தாணிப்பாறையும் அவற்றுள் ஒன்றாயிற்று. செடியை அதன் இடத்திலேயே காப்பது என்ற அந்த நோக்கம் பாராட்டத்தக்கது. தேவையும் பெருகிவந்தது: 2012-இல் டெங்குக் காய்ச்சல் பரவியபோது அரசே நிலவேம்புக் குடிநீரை வழங்கியது. அது நிலவேம்பு மட்டுமன்று. வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, பற்படாகம், சுக்கு, மிளகு ஆகியவையும் சேர்ந்த ஒன்பது சரக்குக் கூட்டு. 2020-இல் பதினைந்து சரக்குகள் கொண்ட கபசுரக் குடிநீர் வீடுதோறும் காய்ந்தது. பொடி ஆலைகளுக்குப் போகும் சரக்கில் எவ்வளவு தோட்டத்தில் விளைந்தது, எவ்வளவு காட்டில் வேரோடு பிடுங்கியது என்பதை நாட்டு மருந்துக் கடையில் பொட்டலம் வாங்குகிறவர் கேட்பதில்லை. நன்னாரியும் மாகாளிக்கிழங்கும் வேருக்காகவே எடுக்கப்படுபவை. வேர் போனால் செடி போயிற்று. ஒரு புதரில் கொஞ்சம் எடுத்துக் கொஞ்சத்தை விட்டுவரும் பழக்கம் தன் தேவைக்குத் தோண்டுகிறவருக்குக் கைவந்தது. கிலோ கணக்கில் கூலி பெறுகிறவருக்கு அது கட்டுபடியாவதில்லை.

மூலிகை பறிக்குமுன் காப்புக் கட்டுவது, சாபநீக்க மந்திரம் சொல்வது, இரும்பு படாமல் எடுப்பது, விடியுமுன் போவது, வடக்கே ஓடும் வேரை மட்டும் கொள்வது ஆகிய விதிகளைச் சுற்றுச்சூழல் அறிவென்று விளக்குவது இப்போது வழக்கமாகிவிட்டது. வடக்கு வேர் விதி மற்ற வேர்களைக் காப்பாற்றுவது உண்மைதான். ஆனால் எல்லா விதிக்கும் அறிவியல் காரணம் கற்பிப்பது அம்மக்களின் பக்தியை அவர்களுக்கே அந்நியமாக்குவதாகும். சாபம் நீங்க வேண்டும் என்று சொன்னவர் சாபத்தை நம்பியே சொன்னார்.

காப்பகத்தின் எல்லைக்குள் செடி பத்திரமாக இருக்கிறது, அதைக் கையாண்டவர் வெளியே இருக்கிறார் என்ற நிலை ஏற்பட்டால், பக்குவம் ஒரு தலைமுறையில் அற்றுப்போகும். அதைத் தடுக்கச் சட்டத்தில் வழி இல்லாமல் இல்லை. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் மூலிகைகளையும் வேர்களையும் கிழங்குகளையும் சிறுவனப் பொருள்கள் என்று வரையறுத்து, மரபாகச் சேகரித்துவந்தவர்களுக்கு அவற்றின் மீது உடைமை உரிமை தருகிறது. பல்லுயிர் வளம் பற்றிய மரபறிவின் மீது சமூகத்துக்கு உள்ள அறிவுசார் உரிமையையும் அதே சட்டம் தனிப் பிரிவாகச் சொல்கிறது. பலன் பகிர்வுக்கு முன்னோடியும் பக்கத்திலேயே உண்டு: தெற்கே அகத்தியர் மலையின் கேரளப் பக்கத்தில், காணிக்காரர்கள் 1987-இல் ஆய்வாளர்களுக்குக் காட்டிய ஆரோக்கியப்பச்சை என்னும் செடியிலிருந்து ஜீவனி என்ற மருந்து உருவாகி, 1995-இல் கோவை நிறுவனம் ஒன்றுக்கு உரிமம் தரப்பட்டபோது, கட்டணத்திலும் உரிமைத் தொகையிலும் பாதி அம்மக்களின் அறக்கட்டளைக்கு ஒதுக்கப்பட்டது. குறைகள் பல இருந்தபோதும் கணக்கு என்று ஒன்று எழுதப்பட்டது.

அந்தக் கணக்கு பளியருக்கு எழுதப்படுமா என்பதற்கு 2023-இல் திருத்தப்பட்ட பல்லுயிர் வளச் சட்டம் ஒரு சிக்கலை உண்டாக்கியிருக்கிறது. நூல்களில் எழுதி முறைப்படுத்தப்பட்ட மரபறிவைப் பயன்படுத்துகிறவர்களுக்குப் பலனைப் பகிரும் கடமையிலிருந்து அத்திருத்தம் விலக்கு அளிக்கிறது. நிலவேம்பும் நன்னாரியும் கடுக்காயும் சித்த நூல்களில் உள்ளவை. அவற்றைச் செண்பகத்தோப்பில் ஒருவர் எந்தச் சரிவில், எந்த மாதத்தில், எவ்வளவு முற்றலில் எடுக்கிறார் என்பது எந்த நூலிலும் இல்லாதது. ஏட்டில் இருப்பது செடியின் பெயர், கையில் இருப்பது பக்குவம் என்றால், விலக்கு எதற்குப் பொருந்தும், பங்கு எதற்கு உரியது என்பதை மாநிலப் பல்லுயிர் வாரியமும் கிராம சபைகளும் உட்கார்ந்து தீர்க்க வேண்டியிருக்கிறது. அதற்கு முன் அந்தப் பக்குவம், சொன்னவரின் பெயரோடும் அவருடைய ஒப்புதலோடும், வீடு வீடாக, ஒன்றுக்கொன்று முரண்பட்டாலும் முரண்பட்டபடியே பதிவாக வேண்டும். ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் உள்ள கல்லூரிகளின் தாவரவியல், தமிழ்த் துறைகள் சேர்ந்து தொடங்கினால், செண்பகத்தோப்பும் அய்யனார் கோவிலும் அவர்களுக்கு ஒரு பேருந்துப் பயணத் தொலைவில்தான் உள்ளன.